ஏழு விருதுகளும் இரு தராசுகளும்
மேஜர் ஜேம்ஸ் மக்கடனின் பதக்கவரிசை பற்றிய ஓர் ஆய்வு

பண்டைத் தமிழ் வேந்தர் படைத்தலைவனுக்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும் ஈந்தனர். போரில் வீழ்ந்த மறவனுக்கு அவன் ஊரார் நடுகல் நாட்டினர். தலைவனுக்கு ஒன்று, படைஞனுக்கு மற்றொன்று என்னும் இத்தகைய பகுப்பு உலகின் பல படைகளிலும் காணப்படுவதே. ஆயினும் பிரித்தானியப் படையைப்போல் அதனை நுணுக்கமாக வகுத்துச் சட்டமாக எழுதிவைத்துப் பேணியவை சிலவே எனலாம். அங்கே ஒருவன் மார்பிலுள்ள நாடாவைக் கண்டமட்டில், அவன் வீரத்தை மட்டுமன்றி, அவ்வீரத்தைக் காட்டிய நாளில் அவன் எந்த உணவுக்கூடத்தில் உண்டான் என்பதையும் கூறிவிட முடியும். இப்பகுப்பின் இரு புறங்களிலும் நின்று விருது பெற்றவர் மேஜர் ஜேம்ஸ் மக்கடன். முதலாம் உலகப் போரில் வானிற் பொருத பிரித்தானிய வீரருள் அவரைப்போல் பல விருதுகள் பெற்றோர் மிகச் சிலர். அவருடைய பதக்கவரிசையை முறையாக நோக்குவோர்க்கு ஒரு மனிதனின் வாழ்வும் ஒரு சமுதாயத்தின் படிநிலையும் ஒருங்கே புலனாகும்.

முதற்கண் பதக்கங்களின் இயல்பை அறிதல் வேண்டும். அவற்றுள் தலையாயது விக்டோரியாச் சிலுவை. கிரைமியப் போரின் இறுதிக் காலத்தில், 1856 சனவரி 29 அன்று விக்டோரியா மகாராணியார் இதனை நிறுவினார். பொன்னாலோ வெள்ளியாலோ ஆகாது வெண்கலத்தால் ஆயது. கருஞ்சிவப்பு நாடாவில் தொங்குவது. செபஸ்தப்போலில் உருசியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளின் உலோகத்தில் வார்க்கப்படுவது என்பது வழிவழி வந்த கூற்று. பிற்கால ஆய்வாளரோ அவ்வுலோகத்தின் ஒரு பகுதி சீனப் பீரங்கிகளுக்கு உரியது எனக் கண்டனர். தளபதியும் சாதாரண படைஞனும் ஒரே பதக்கத்தைப் பெறலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. எனினும் இங்கும் ஒரு சிறு வேறுபாடு புகுந்துகொண்டது. அதிகாரியல்லாதார்க்கு ஆண்டுதோறும் 10 பவுண் உதவிப்பணம் வழங்கப்பட்டது. அதிகாரிக்கு அது இல்லை. கனவானுக்குக் காசு வேண்டா என்பது அக்காலத்தார் எண்ணம் போலும்.

விக்டோரியாச் சிலுவைக்குக் கீழே வந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்துவிடும். அதிகாரிகளுக்கென 1886 இல் தனிச்சிறப்புச் சேவை விருது ஏற்படுத்தப்பட்டது. இது பெரும்பாலும் மேஜர் நிலையினரும் அவருக்கு மேற்பட்டோரும் பெறுவது. இளநிலை அதிகாரி ஒருவர் பெற்றாராயின், விக்டோரியாச் சிலுவையை மயிரிழையில் தவறவிட்டார் எனப் படையினர் பேசிக்கொள்வர். 1914 டிசெம்பர் 28 அன்று கப்டனும் அவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளும் பெறத்தக்கதாக இராணுவச் சிலுவை நிறுவப்பட்டது. சார்ஜனும் அவர்க்குக் கீழ்ப்பட்டோரும் இவ்விரண்டையும் பெற முடியாது. அவர்க்குக் கிரைமியப் போர்க்காலம் முதல் சிறந்த நடத்தைப் பதக்கம் என்பது இருந்தது. 1916 மார்ச்சில் இராணுவப் பதக்கமும் சேர்ந்தது. பெயர்களையே நோக்குக. ஒன்று சிலுவை, மற்றையது பதக்கம். முதலாம் உலகப் போரில் இராணுவச் சிலுவை 37,000 இற்கும் மேலாகவும், இராணுவப் பதக்கம் 1,15,000 இற்கும் மேலாகவும் வழங்கப்பட்டன. விக்டோரியாச் சிலுவையோ 600 இற்குச் சற்று மேற்பட்ட தொகையே. ஒருவர் பெற்ற விருதையே மீண்டும் பெறுவாராயின் இரண்டாவது பதக்கம் அளிப்பதில்லை. முன்னைய பதக்கத்தின் நாடாவில் ஓர் உலோகக் குறுக்குப்பட்டை பொருத்தப்படும்.

இனி, இவ்வேணியின் அடிப்படியில் நின்ற சிறுவனைக் காண்போம். ஜேம்ஸ் மக்கடன் 1895 மார்ச்சு 28 அன்று இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்தில், படைவீடுகள் நிறைந்த கில்லிங்கம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அயர்லாந்திலிருந்து வந்தவர். றோயல் பொறியியற் படையில் சார்ஜன் மேஜராகப் பணிபுரிந்தவர். மகனும் 1910 இல், பதினைந்தாம் வயதில், அதே படையிற் கொம்பூதும் சிறுவனாகச் சேர்ந்தார். 1913 இல் அப்போதுதான் உருவாகியிருந்த றோயல் பறக்கும் படைக்கு இயந்திரத் தொழிலாளராக மாற்றம் பெற்றார். அங்கு வந்த சில நாட்களுள் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. நின்றுகொண்டிருந்த விமானமொன்றின் சுழலியைச் சுழற்றிப் பார்க்க, இயந்திரம் எதிர்பாராது உயிர்பெற்று, விமானம் தானே ஓடிச் சேதமுற்றது. புதிய தொழிலாளர்க்குக் கிடைத்தது காவலறை வாசம். பிற்காலத்தில் இயந்திரத்தின் ஒவ்வோர் ஒலியையும் பிள்ளையின் மூச்சைக் கேட்கும் தாய்போலக் கேட்டறிந்த ஒருவருக்கு இது விசித்திரமான தொடக்கமே.

1914 ஓகஸ்டில் 3ஆம் விமான அணியுடன் பிரான்சு சென்ற மக்கடன், தொழிலாளராயிருந்தவாறே இடையிடையே நோக்குநராகவும் வானிற் சென்றார். அவருடைய தமையனார் வில்லியமும் பறக்கும் படையினரே. அதிகாரியல்லாத முதல் விமானிகளுள் ஒருவர். 1915 மே 1 அன்று அவர் இங்கிலாந்தில் விமான விபத்தில் இறந்தார். இத்துயரின் பின்னரும் இளையவர் பறப்பதை விட்டாரல்லர். 1916 சனவரியில், நோக்குநராக ஆற்றிய பணிக்காகப் பிரெஞ்சுத் தளபதி சொவ்ரே கையால் பிரான்சு நாட்டின் போர்ச் சிலுவையைப் பெற்றார். மக்கடனின் முதல் விருதை அவருடைய சொந்த நாடு அளிக்கவில்லை. 1915 இல் நிறுவப்பட்ட அப்பிரெஞ்சு விருது அதிகாரி, படைஞன் என்று வேறுபாடு பாராட்டாதது. புரட்சி கண்ட நாடு ஆகலின் அவ்வாறு அமைந்தது எனல் மிகையாகாது.

அதன்பின் இங்கிலாந்து சென்று விமானமோட்டப் பயின்று, 1916 இன் நடுப்பகுதியிற் சார்ஜன் விமானியாக மீண்டும் பிரான்சு வந்தார். விமானியர் பெரும்பாலோர் அதிகாரிகளாகவே இருந்த காலம் அது. 29ஆம் அணியில், இயந்திரம் பின்புறம் அமைந்த ஓராசன விமானத்தில், 1916 செப்டெம்பர் 6 அன்று முதல் வெற்றி கண்டார். ஒக்டோபர் 1 அன்று அவருக்கு இராணுவப் பதக்கம் வழங்கப்பட்டது. மூன்று மாதம் கழிந்து, 1917 சனவரி 1 அன்று, அவர் இரண்டாம் லெப்டினனாக உயர்த்தப்பட்டார். பெப்ரவரியில் மீண்டும் விருது வந்தது. இம்முறை அது இராணுவச் சிலுவை. விமானி மாறவில்லை, அணி மாறவில்லை, வான் மாறவில்லை, எதிரியும் மாறவில்லை. தோளிலும் கையிலும் உள்ள சின்னங்கள் மாறின; அதனால் வீரத்தின் பெயரும் மாறிற்று. ஒரே மனிதனின் செயலை ஐந்து மாத இடைவெளியில் இரு வேறு தராசுகளில் நிறுத்த இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கவர் சார்ஜன் தொமஸ் மொற்றசெட். 1917 சனவரி 7 அன்று வானில் அவருடைய விமானத்தின் எரிபொருட்கலம் துளைக்கப்பட்டுத் தீப்பற்றியது. உடல் எரியவும் விமானத்தை விடாது செலுத்தித் தரையிறக்கி, உடன்வந்த நோக்குநரின் உயிரைக் காத்து, ஐந்தாம் நாள் உயிர்துறந்தார். அவருக்கு விக்டோரியாச் சிலுவை கிடைத்தது. நோக்குநர் அதிகாரியாதலின் அவர்க்கு இராணுவச் சிலுவை கிடைத்தது. அப்போரில் விக்டோரியாச் சிலுவை பெற்ற வான்வீரர் 19 பேர். அவருள் அதிகாரியல்லாதவர் மொற்றசெட் ஒருவரே. எல்லார்க்கும் பொதுவான பதக்கத்தை எய்துதற்கும் வானிற் பறக்கும் வாய்ப்பு முதலிற் கிட்டவேண்டும் அன்றோ? அவ்வாய்ப்பு யார்க்குக் கிட்டியது என்பதை அவ்வெண்ணிக்கையே உணர்த்தும்.

1917 ஓகஸ்டில் மக்கடன் கப்டனாகப் புகழ்பெற்ற 56ஆம் அணியில் ஒரு பிரிவின் தலைமையை ஏற்றார். அவ்வணியினர் செலுத்தியது எஸ்.ஈ.5ஏ என்னும் ஓராசன விமானம். சுழலியின் அலகுகளுக்கிடையே சுடும் விக்கர்ஸ் துப்பாக்கி ஒன்றும், மேற்சிறகின்மீது லூயிஸ் துப்பாக்கி ஒன்றும் அதிற் பொருத்தப்பட்டிருந்தன. அணியில் ஏனைய அதிகாரிகள் பலர் பெரிய பாடசாலைகளிற் பயின்ற செல்வர் மக்கள். மக்கடனோ அவர்கள் அறியாத கல்வி ஒன்றைப் பெற்றிருந்தார். இயந்திரத்தைக் கழற்றவும் பூட்டவும் அறிந்திருந்தார். துப்பாக்கிகளைத் தாமே சோதித்தார். குண்டுகளின் அமைப்பைத் தாமே சரிபார்த்தார். தொழிலாளரோடு கொட்டகையில் மணிக்கணக்காக நின்றார். இயந்திரத்தின் அழுத்தத்தை உயர்த்தும் உந்துதண்டுகளை இடுவித்து, 20,000 அடி உயரம்வரை ஏறத்தக்கதாகத் தம் விமானத்தைத் திருத்தினார். ஒட்சிசன் இன்றி, கடுங்குளிரில், திறந்த இருக்கையில் அவ்வுயரத்தில் நெடுநேரம் இருத்தல் தலைவலியையும் உடற்சோர்வையும் தந்தது. அதனையும் பொறுத்தார்.

இவ்வளவு உயரம் ஏனெனின், அங்கேதான் அவர் தேடிய எதிரி இருந்தான். புகழை விரும்பிய விமானிகள் எதிரியின் போர்விமானங்களை நாடினர். மக்கடன் நாடியவை பெரும்பாலும் இருவர் அமரும் வேவு விமானங்கள். மிக உயரத்தில் வந்து அகழிகளையும் பீரங்கி நிலைகளையும் நிழற்படம் பிடித்துச் செல்வன அவை. ஒரு நிழற்படத்தின் விளைவாக மறுநாள் நூற்றுக்கணக்கான காலாட்படையினர் மடியக்கூடும். ஆதலின் அத்தகைய விமானம் ஒன்றை வீழ்த்துதல் பார்வைக்கு எளிதாகத் தோன்றினும் பயனிற் பெரிது. அது எளிதும் அன்று; பின்னிருக்கையிலிருந்து சுடுவோனின் கண்ணிற் படாது, வாலின் கீழ்ப்புறமாக அணுகுதற்கு மிக்க பொறுமை வேண்டும். அவர் வீழ்த்தியனவாகக் கொள்ளப்படும் 57 இற் பெரும்பாலானவை இவ்வகையினவே.

1917 செப்டெம்பர் 23 அன்று நிகழ்ந்த போர் வேறு வகையினது. ஜேர்மனியின் வேணர் வொஸ் தனியொருவராக மூவடுக்குச் சிறகு விமானத்தில் 56ஆம் அணியின் விமானங்கள் பலவற்றோடு ஏறத்தாழப் பத்து நிமிடம் பொருது, அவற்றுட் பலவற்றைத் துளைத்து, ஈற்றில் லெப்டினன் றீஸ் டேவிட்ஸின் குண்டுகளால் வீழ்ந்தார். வொஸ்ஸின் வயது இருபது. அவரது கழுத்தில் ஜேர்மனியரின் பூர் லெ மெறிற் என்னும் உயர் விருது இருந்தது. அதுவும் அதிகாரிகளுக்கே உரியது. ஏனையோர்க்குப் பிறஷ்யாவில் வேறொரு பொற்சிலுவை வைத்திருந்தனர். ஆகவே இந்நோயைப் பிரித்தானியர்க்கு மட்டும் உரியதாகக் கருதுதல் நேர்மையன்று. மக்கடன் தம் நூலில் வொஸ்ஸைத் தாம் கண்ட ஜேர்மன் வான்வீரருட் தலைசிறந்தவர் எனப் போற்றியுள்ளார்.

1917 இன் பிற்பகுதியில் விருதுகள் விரைந்து வந்தன. ஒக்டோபரில் இராணுவச் சிலுவைக்குக் குறுக்குப்பட்டை கிடைத்தது. அவ்வாண்டின் முடிவை ஒட்டித் தனிச்சிறப்புச் சேவை விருதும், சின்னாளில் அதன் குறுக்குப்பட்டையும் வந்தன. டிசெம்பர் 23 அன்று ஒரே நாளில் நான்கு விமானங்களை வீழ்த்தினார். பறக்கும் படையினர் எவரும் அதற்குமுன் அதனைச் செய்ததில்லை.

விக்டோரியாச் சிலுவை அளிக்கப்பட்டமைக்கான அரசிதழ் அறிவித்தல் 1918 ஏப்பிரல் 2 அன்று வெளிவந்தது. அதிற் புனைந்துரை குறைவு, எண்களே மிகுதி. அதுகாறும் 54 எதிரி விமானங்கள். அவற்றுள் 42 முற்றாக அழிந்தன. அவற்றுள்ளும் 19 பிரித்தானியரின் எல்லைக்குள் வீழ்ந்தன. 56ஆம் அணியில் 78 தாக்குதற் சுற்றுக்களிற் பங்குகொண்டார். ஏறத்தாழ அனைத்திலும் தலைமை தாங்கினார். 1918 சனவரி 30 அன்று தனியே ஐந்து போர்விமானங்களைத் தாக்கி இரண்டினை அழித்தார்; ஒரு துப்பாக்கியிற் குண்டு தீர்ந்து, மற்றையதன் குண்டுப்பட்டி அறுந்தபோதும், எதிரி கிழக்கே நெடுந்தூரம் துரத்தப்பட்ட பின்னரே திரும்பினார்.

இவ்வெண்களுள் 19 என்பதே சிறந்தது. விக்டோரியாச் சிலுவைக்குக் கண்கண்ட சாட்சியம் வேண்டும். காலாட்படைஞனின் வீரத்தைப் பக்கத்தில் நின்றவர் காண்பர். 20,000 அடி உயரத்தில் முகிலிடையே நிகழ்வதைக் காண்பவர் யார்? கனடாவைச் சேர்ந்த வில்லியம் பிஷப் 1917 யூன் 2 அன்று தனியே சென்று எதிரியின் விமானத்தளத்தைத் தாக்கியதற்காக அச்சிலுவையைப் பெற்றார். அத்தாக்குதலைக் கண்ட சாட்சி எவருமின்மையின் அது பற்றிய வாதம் நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. மக்கடனைப் பற்றி அத்தகைய வாதம் எழவில்லை. அவர் வீழ்த்திய விமானங்களின் உடைந்த உடல்கள் பிரித்தானியப் படையினரின் காலடியிற் கிடந்தன. அவற்றைத் தொட்டுப் பார்க்கலாம். இயந்திர இலக்கத்தைக் குறித்துக்கொள்ளலாம். வீழ்த்திய எதிரியைச் சென்று பார்ப்பதும் அவர் வழக்கம். அவ்வாறு கிடைத்த ஜேர்மன் விமானமொன்றின் சுழலிக்குமிழைத் தம் விமானத்தின் முகப்பிற் பொருத்திச் செந்நிறம் பூசினார்.

அரசிதழின் ஈற்றிலுள்ள ஒரு குறிப்பு பலராற் கவனிக்கப்படுவதில்லை. தம் பிரிவிற் புதிதாய்ச் சேர்ந்தோரைப் போர்நடுவே காத்து அவருள் இழப்பு மிகாது பார்த்தார் என்பதே அது. வான்வெளியில் அக்காலத்திற் புதியவரின் ஆயுள் வாரக்கணக்கில் அளக்கப்பட்டது. வீழ்த்திய ஐம்பத்து நான்கினை எண்ணலாம். வீழாது காக்கப்பட்டோரை எண்ணுதற்கு எப்பதக்கத்திலும் இடமில்லை. அக்குறிப்பை எழுதிய அதிகாரி நன்கறிந்தே எழுதினார் எனல் தகும்.

1918 ஏப்பிரல் 6 அன்று பக்கிங்காம் அரண்மனையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அச்சிலுவையை அணிவித்தார். அதற்கு மூன்று வாரம் முன்னரே, மார்ச்சு 18 அன்று, இராணுவச் சிலுவை பெற்ற இளைய சகோதரர் ஜோன் மக்கடன் வான்போரில் மாண்டிருந்தார். ஒரே வீட்டில் மூத்தவர் விபத்தால் மறைந்தார், இளையவர் போரால் மறைந்தார். இடைப்பட்டவர் மன்னர் முன் நின்றார்.

இத்தனை விருதுகளும் அவர் பிறப்பின் அடையாளத்தை முற்றாக மறைத்தனவா? 1918 நடுப்பகுதியில் 85ஆம் அணியின் தலைமைக்கு அவர் பெயர் கருதப்பட்டபோது, அவ்வணியின் இளம் அதிகாரிகள் அவரை விரும்பாமையால் அத்தலைமை எட்வேட் மன்னொக் என்பார்க்குச் சென்றது என வரலாற்றாசிரியர் கூறுவர். படைஞர் வரிசையிலிருந்து எழுந்தவர் என்பதே காரணம் எனச் சிலரும், தனித்து வேட்டையாடுபவர் என்பதே காரணம் எனச் சிலரும் உரைப்பர். மன்னொக்கும் எளிய குடும்பத்திற் பிறந்தவராதலின் முதற்காரணத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் பொருந்தாது. அதனை அறவே தள்ளிவிடுதலும் எளிதன்று.

மேஜராக உயர்ந்து 60ஆம் அணியின் தலைமையை ஏற்கும்பொருட்டு, 1918 யூலை 9 அன்று மக்கடன் இங்கிலாந்திலிருந்து விமானத்திற் புறப்பட்டார். வழியிற் பிரான்சின் ஓசி லெ சத்தோ என்னுமிடத்தில் இறங்கி, மீண்டும் மேலெழுந்த சிறிது நேரத்தில் விமானம் மரங்களிடையே வீழ்ந்தது. அன்று மாலையே, நினைவு திரும்பாமல், அவர் உயிர் பிரிந்தது. வயது இருபத்து மூன்று. எதிரி எவனாலும் வீழ்த்தப்படாத அவரை வீழ்த்தியது ஒரு விபத்து. அவர் எழுதிய தம் பறக்கும் படை வாழ்வின் ஐந்தாண்டு நினைவுகள் அவர் மறைந்த பின்னரே நூலாயின. வாவான்ஸ் என்னும் சிற்றூரின் படையினர் மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறக்குமுன் பறக்கும் படை றோயல் விமானப்படையாகி, 1918 யூன் 3 அன்று அதற்கெனப் புதிய விருதுகள் பிறந்துவிட்டன. பழைய இராணுவத்தின் கட்டுக்களினின்று நீங்கிய புதுப்படை பழைய வேலியை மட்டும் தன்னோடு எடுத்துவந்தது: அதிகாரிக்குச் சிறப்புப் பறப்புச் சிலுவை, ஏனையோர்க்குச் சிறப்புப் பறப்புப் பதக்கம். அச்சிலுவையைப் பெற்ற முதல் இந்தியர் கல்கத்தாவிற் பிறந்த இந்திரலால் ராய். 1917 இன் இலையுதிர் பருவத்தில் மக்கடனின் 56ஆம் அணியிலேயே மற்றொரு பிரிவிற் பணிபுரிந்தவர். பின்னர் 40ஆம் அணியில் 1918 யூலையில் இரு வாரத்துக்குள் 10 வெற்றி கண்டு, அம்மாதம் 22 அன்று பத்தொன்பது வயதில் வீழ்ந்தார். செப்டெம்பரில் வந்த சிலுவையை அவர் காணவில்லை.

அவ்வேலி அகற்றப்பட 1993 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு பிரதமர் ஜோன் மேஜரின் அரசு இராணுவப் பதக்கம், சிறப்புப் பறப்புப் பதக்கம் முதலியவற்றை நிறுத்தி, சிலுவைகளை எல்லா நிலையினர்க்கும் உரியனவாக்கியது. பழம் படைஞர் சிலர் இதனை விரும்பவில்லை என்பதும் உண்மை. இராணுவப் பதக்கம் தம் இனத்தின் தனியுரிமை எனவும், அதிகாரிகள் ஒருபோதும் அணிய முடியாத பெருமை எனவும் அவர்கள் கருதினர்.

மக்கடனின் விருதுகள் அவர் பிறந்த கில்லிங்கத்தில், சிறுவனாய்க் கொம்பூதிய றோயல் பொறியியற் படையின் அரும்பொருட்சாலையில் உள்ளன. பதக்கங்களை அணிதற்கு ஒரு முறை உண்டு. பார்ப்போரின் இடப்புறத்தில் உயர்ந்தது முதலாகத் தொடங்கும். முதலில் விக்டோரியாச் சிலுவை, அடுத்துத் தனிச்சிறப்புச் சேவை விருது, பின் இராணுவச் சிலுவை, அதன்பின் சார்ஜன் மக்கடனின் இராணுவப் பதக்கம், அதன்பின் போர்க்களம் சென்றோர் யாவர்க்கும் உரிய பொதுப் பதக்கங்கள். பிறநாட்டு விருதுகளை ஈற்றிலேயே அணிதல் வேண்டும் என்பது விதி. ஆகவே தளபதி சொவ்ரே அளித்த போர்ச் சிலுவை கடைசியில் நிற்கும். அவ்வரிசையை வலமிருந்து இடமாகப் படிப்போர்க்கு, அவர் அவற்றைப் பெற்ற ஒழுங்கு ஏறத்தாழ அவ்வாறே கிடைக்கும்.